ரெண்டுல கட்டி வச்ச லைன்

மெஹ்ரினைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு முதல்ல என் மேலதான் கோவம் வரும். அதனால நடுவுல நான் கத்துனா பொறுத்துக்குங்க. இதுல என் கையும் இருக்கு. அந்த இடம் வரும்போது மறைக்காம சொல்றேன்.

என் பேரு உஷாராணி. கிள்ளான் டவுன்ல, தெங்கு கிளானா ரோட்டுல, துணிக்கடை வரிசைக்கு மேல்மாடியில குடியிருக்கேன். ரிட்டயர் ஆயாச்சு. அதுக்கு முன்னால இருபத்தாறு வருசம் ஒரு டெலிபோன் கம்பெனியோட பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ்ல லைன் கம்ப்ளெய்ன் எடுக்கிற வேலை பார்த்தேன். தெனம் கொம்முட்டர் ரயில்ல நின்னுக்கிட்டே போயி, நின்னுக்கிட்டே வருவேன். "சார், மோடத்த அடைச்சிட்டு அஞ்சு நிமிசம் கழிச்சுத் தொறங்க"ன்னு ஒரு நாளைக்கு எண்பது பேருக்குச் சொல்லுவேன். தூக்கத்துல கூட அதைச் சொல்லியிருக்கேன்னு என் தங்கச்சி கிண்டல் பண்ணுவா.

மெஹ்ரின் எனக்குப் பக்கத்து வீடு. கீழ அவ புருஷன் நஜ்முதீனோட துணிக்கடை, மேல அவங்க வீடு. ரெண்டு வீட்டுக்கும் பின்னால ஒரே பால்கனிதான். துணி காயப் போடுற இடத்துலதான் எங்க பழக்கம் ஆரம்பிச்சது. அவ சாலாக் செலாத்தான்ல பொறந்தவ. படிச்சிட்டு சைபர்ஜெயாவுல ஆறு வருசம் நெட்வொர்க் இன்ஜினியரா இருந்தா. அவளுக்குக் கீழ எட்டுப் பேராம். கல்யாணம் ஆயி கிள்ளானுக்கு வந்தும் ஒரு வருசம் போயிட்டு வந்துக்கிட்டுத்தான் இருந்தா. அப்புறம் ஷபீர் வயித்துல வந்தான். அவன் நடக்க ஆரம்பிச்சப்ப மாமியார் நசீமாவுக்குக் கிட்னி போச்சு, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். "கொஞ்ச நாளைக்கு வீட்டுல இரு"ன்னு நஜ்முதீன் சொன்னான். அந்தக் கொஞ்ச நாள் ஒன்பது வருசம் ஆயிடுச்சு.

நஜ்முதீன் கெட்டவன்னு நினைச்சுடாதீங்க. அப்படி நினைச்சா கதை சுலபமாயிடும், ஆனா அது உண்மையில்ல. குரலை உயர்த்திப் பேச மாட்டான். எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வாங்கி வந்து கதவுல மாட்டிட்டுப் போவான். பொண்டாட்டிக்கு எது வேணும்னாலும் வாங்கிக் கொடுப்பான். ஆனா அவ வெளிய போறேன்னா மட்டும் அவன் முகத்துல ஒரு சிரிப்பு வரும், பல்வலிக்காரன் சிரிக்கிற மாதிரி. உடனே ஏதோ ஒரு காரணமும் வந்துடும். உம்மாவுக்கு ஊசி போடணும், பையனுக்குச் சளி, மழை வரும். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போறதுக்குக் கூட அவளுக்கு நாள் பார்க்கணும். அவ சண்டை போட்டு நான் பார்த்ததில்ல. மெதுவா உள்ளுக்குள்ளயே உக்காந்துட்டா.

ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு நாள் துணி எடுக்கப் போனா, பால்கனி ஓரத்து ரூம்ல பழைய மெஷின் ஒண்ணு விர்ருனு ஓடுது. கடையில பில் போட வச்சிருந்து தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர். "என்னா இது, மாவு மில்லா?"ன்னேன்.

"ரிலே, உஷாக்கா"ன்னா. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவ முகத்துல வெளிச்சத்தைப் பார்த்தேன்.

அவ சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். யாரு எதைப் பார்க்கிறாங்கன்னு வெளிய தெரியாம மறைக்கிற நெட்வொர்க் ஒண்ணு இருக்கு. ஒருத்தர் ஒரு பக்கத்தைத் தொறக்கணும்னா அந்தக் கேள்வி நேராப் போகாது. மூணு மெஷின் வழியாச் சுத்திப் போகும். ஒவ்வொரு மெஷினுக்கும் தனக்கு முன்னால யாரு, பின்னால யாரு, அவ்வளவுதான் தெரியும். முழு வழியும் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த மெஷினுக்குப் பேருதான் ரிலே. உலகம் பூரா சும்மா சேவையா வீட்டுல வச்சு ஓட்டுறாங்களாம்.

"கண்றாவி படம் பார்க்கிறவனுக்கு நீ கரண்ட் செலவு பண்றியா?"

"அவனும் இருப்பான்க்கா. ஆனா பத்திரிகைக்காரங்க இருக்காங்க, வக்கீல் இருக்காங்க, புருஷனுக்குத் தெரியாம உதவி தேடுற பொம்பளைங்க இருக்காங்க. நான் நடுவுல இருக்கிற ரிலே. யாரு போறாங்கன்னு எனக்கே தெரியாது"ன்னா.

சரி, இருக்கட்டும்னு விட்டேன். அப்புறம் பார்த்தா அவ தெனம் காலையில ஒரு நம்பரைப் பார்த்துட்டு முகத்தைத் தொங்கப் போடுறா. அந்த நம்பர்தான் இந்தக் கதையே. அதனால அதையும் சொல்லிடறேன்.

ஒரு ரிலே எவ்வளவு தாங்கும்னு யாருக்காச்சும் தெரியணும் இல்லையா? அப்பதான் அது வழியா எத்தனை பேரை அனுப்பலாம்னு முடிவு பண்ண முடியும். முந்தி எல்லாம் அந்தந்த ரிலே சொல்றதையே நம்புனாங்களாம். "நான் நூறு தாங்குவேன்"னா, சரி நூறு. அதுல திருட்டுப் பசங்க புகுந்து, இருக்கிறது அஞ்சு, சொல்றது ஐந்நூறுன்னு அளந்து விட்டு ஆளை இழுத்திருக்கானுங்க. இப்ப அப்படி இல்ல. உலகத்துல அங்கங்க ஒரு அஞ்சாறு இடத்துல அளக்கிற மெஷின் வச்சிருக்காங்க. அது உங்க ரிலே ஒண்ணு, வேகமான இன்னொரு ரிலே ஒண்ணு, ரெண்டையும் ஜோடி சேர்த்து அது வழியா ஒரு ஃபைலை இறக்கும். எத்தனை வினாடி ஆச்சுன்னு பார்க்கும். சொல்லிட்டு வராது, எப்ப வேணும்னாலும் வரும். கடைசி சில நாள் அளந்ததையெல்லாம் சேர்த்து ஒவ்வொரு மெஷினும் ஒரு கணக்கு சொல்லும். எல்லாத்தையும் வரிசையா வச்சு நடுவுல இருக்கிறதை எடுத்துக்குவாங்க. ஒரு மெஷினுக்கு உங்க மேல பாசமோ பகையோ இருந்தாலும் பலிக்காது. நம்பர் ஏறுனா ஆளுங்க உங்க வழியா வருவாங்க. இல்லேன்னா வெறிச்சோடிக் கிடக்க வேண்டியதுதான்.

முதல் வருசம் மெஹ்ரினோட ரிலே நல்லாத்தான் இருந்துச்சு. முதல் வாரம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. புது ரிலேன்னா அப்படித்தானாம், அளந்து முடிக்கிற வரைக்கும் நம்ப மாட்டாங்களாம். அப்புறம் பதினஞ்சு, இருபத்தஞ்சு, நாப்பதுன்னு மெகாபிட் கணக்குல ஏறுச்சு. எனக்கு இடியாப்பம் செஞ்சு கொடுத்துக் கொண்டாடுனா.

இந்த வருசம் ஜனவரியில ஒரு அறிவிப்பு வந்துச்சு. அந்த அளக்கிற மெஷின்களைப் பார்த்துக்கிற குழுவுக்கு நம்ம பக்கத்துலேர்ந்து ஒரு ஆள் வேணுமாம். வீட்டுலேர்ந்தே வேலை, முழுச் சம்பளம். வருசத்துல ஒரு தடவை மட்டும் லிஸ்பன்ல ரெண்டு வாரம் கூட்டம். மனு போடுறவங்களோட ரிலே, அறிவிப்பு வந்ததுக்கு அப்புறம் ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள, தொடர்ந்து முப்பது நாள் பத்து மெகாபிட்டுக்குக் கீழ இறங்காம இருக்கணும். அவ்வளவுதான் நிபந்தனை. மெஹ்ரினுக்கு அது தூக்கத்துல தாண்டுற உயரம்.

"அக்கா, இது கிடைச்சா நான் திரும்ப இன்ஜினியர்"னா. பால்கனி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அவ அழுததை நான் பார்த்தேன். "மச்சான் கிட்ட சொல்லிட்டேன். போடேன், உனக்குப் பிடிச்சதுதானேன்னாரு." புருஷனை அவ மச்சான்னுதான் கூப்பிடுவா.

அடுத்த ரெண்டே வாரத்துல நம்பர் விழுந்துச்சு. நாப்பதுலேர்ந்து ரெண்டுக்கு.

அன்னைக்கு ஆரம்பிச்சா பாருங்க. மெஷினை மாத்துனா. உள்ள இருக்கிற கார்டை மாத்துனா. கேபிளை மாத்துனா. ரெண்டு. போன்ல வைஃபை போட்டுப் பார்த்தா முந்நூறு பறக்குது, அந்த ரிலே மட்டும் ரெண்டுலயே நொண்டுது. புருஷன் கிட்ட கேட்டா. "கம்பெனிக்குப் போன் போட்டேன். வீட்டு லைன்ல வெளியாளுங்க உள்ள வந்து போற மாதிரி மெஷின் வச்சா அவங்களே வேகத்தை அமுக்கிடுவாங்களாம்"ன்னு சொல்லிட்டான். என் கிட்ட வந்து, "அப்படிச் செய்வாங்களாக்கா?"ன்னு கேட்டா. நான் வேலையை விட்டு நாலு வருசம் ஆச்சு, எனக்கு என்னா தெரியும்? "செஞ்சாலும் செய்வானுங்க லா"ன்னேன்.

நீங்க கேப்பீங்க, ஏம்மா, வீட்டுக்குள்ள லைனைப் பிரிச்சுக் கொடுக்கிற அந்த ரவுட்டரைத் தொறந்து பார்த்தா தெரிஞ்சுடாதான்னு. நானும் பின்னால கேட்டேன். அந்தக் குடும்பத்துல கடை வேற, வீடு வேற. வீட்டுப் பொம்பளைங்க கடைக்கு வரலாம், துணி பார்க்கலாம். கல்லாவுக்குப் பின்னால மட்டும் காலை வைக்க மாட்டாங்க. நஜ்முதீனோட வாப்பா காலத்துலேர்ந்து அப்படி. ரவுட்டர் இருக்கிறது அந்தக் கல்லாவுக்கு அடியில, ஒரு மர அலமாரிக்குள்ள. கடையோட பில், கார்டு மெஷின், கேமரா எல்லாம் அதுலதான் ஓடுது. அதனால அது கடைச் சாமான். ரிலேவுக்காக முதல்ல அதுல ஒரு வழி தொறக்க வேண்டியிருந்தப்ப கூட, இவ மேல உக்காந்து ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதிக் கொடுத்தா, அவன் கீழ கண்ணாடியைப் போட்டுக்கிட்டு செஞ்சான். எட்டுப் பேரை வச்சு வேலை வாங்குனவ, படிக்கட்டு வரைக்கும் ஒவ்வொரு அங்குலமும் சோதிச்சா. படிக்கட்டுல நின்னுட்டா. அதைத் தாண்டணும்னு அவளுக்குத் தோணவே இல்ல. ஒன்பது வருசம் ஒரு இடத்துல இருந்து பாருங்க, உங்களுக்கும் தோணாது.

அவ பழியைத் தூக்கித் தூரத்து மேல போட்டா. "அளக்கிற மெஷினெல்லாம் ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் இருக்குக்கா. கிள்ளான் எங்க இருக்கு? போயி வர்றதுக்குள்ள நேரம் ஆயிடுது, நம்மளை மெதுவுன்னு எழுதிடுறாங்க"ன்னு குழுவுக்குப் பக்கம் பக்கமா எழுதுனா. அவங்களும் நல்லவங்க. ஜூலையில பதில் போட்டாங்க. நீங்க சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, தூரம் குறைக்கத்தான் செய்யும். உங்க பக்கத்துலயே தற்காலிகமா ஒரு அளக்கிற மெஷின் வச்சுப் பாருங்க, கணக்கை அனுப்புங்கன்னு.

சைபர்ஜெயாவுல மெஹ்ரின் கூட வேலை பார்த்த கிஷன்னு ஒரு பையன், பையன் என்னா, நாப்பது வயசு, இப்ப ஷா ஆலம்ல ஒரு டேட்டா சென்டர்ல இருக்கான். அவன் இடம் கொடுத்தான். ஷா ஆலம் கிள்ளானுக்குப் பக்கத்து ஊருதான், ஒரு சிக்னல்ல நின்னு கிளம்புனா வந்துடும். மெஹ்ரின் பால்கனி ரூம்ல உக்காந்தே அந்த மெஷினை ஏத்தி ஓட்டுனா. கிஷனும் ரவாங்ங்கிற ஊர்ல தன் வீட்டுல ஒரு ரிலே வச்சிருக்கான். அதே கம்பெனி, அதே மாதிரி வீட்டு லைன். ரெண்டையும் அளந்தா.

ஆகஸ்ட் மாசம், புதன்கிழமை காலையில, மாமியாரை டயாலிசிஸ்ல விட்டுட்டு வந்தா. கையில ஒரு தாள். முகம் செத்துப் போயிருக்கு.

"கிஷன் ரிலே அறுபது. என்னோடது ஒண்ணு புள்ளி ஒன்பது. பக்கத்துல வச்சு அளந்தும் ஒண்ணு புள்ளி ஒன்பது. தூரம் இல்லக்கா. கம்பெனியும் இல்ல. நான்தான் ஏதோ தப்பு பண்றேன். எனக்கு எல்லாம் மறந்து போச்சு"ன்னு அந்தத் தாளை என் மடியில போட்டா.

நான் பார்த்தேன். பகல், ராத்திரி, ஞாயிறு, திங்கள், எல்லா நாளும் ஒரே கோடு. ஒண்ணு புள்ளி ஒன்பது, ஒண்ணு புள்ளி ஒன்பது, ஒண்ணு புள்ளி ஒன்பது. லைன் கெட்டுப் போனா அப்படி இருக்காதுங்க. கெட்ட லைன் ஏறும், இறங்கும், மழைக்குச் சாகும், வெயிலுக்குப் பொழைக்கும். இருபத்தாறு வருசம் அதைத்தான் பார்த்தேன். கத்தரி வச்சு வெட்டுன மாதிரி ஒரே மட்டத்துல நிக்குதுன்னா, யாரோ கட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ரெண்டுல கட்டுனா அளக்கும்போது ஒண்ணு புள்ளி ஒன்பதுதான் வரும்.

ரெண்டு. அது எனக்குத் தெரிஞ்ச நம்பர்.

இப்ப சொல்றேன், என் கையை. ஜனவரியில ஒரு சாயந்திரம் நஜ்முதீன் சூடா வாழைப்பழப் பலகாரம் கடையில தாப்பாவ் பண்ணி, பொட்டலமா எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வந்தான். "அக்கா, ஷபீர் எந்நேரமும் டேப்லட்ல கேம். திட்டுனா உம்மா கோவிச்சுக்கிறாங்க. ஒரே ஒரு மெஷினுக்கு மட்டும் லைனைக் குறைக்க முடியுமா?"ன்னான். நான் என்னா பண்ணேன்? எனக்கு யாராச்சும் வந்து கேட்டா போதும், வாய் நிக்காது. என் ரவுட்டரைத் தொறந்து காட்டுனேன். இந்தப் பட்டியல்ல மெஷினைத் தேர்ந்தெடு, இங்க வேகத்தைப் போடு, சேவ் பண்ணு. "பூஜ்யம்னு போட்டுடவா?"ன்னு கேட்டான்.

அதுக்கு நான் சொன்னதை நினைச்சா இன்னைக்கும் என் வாயிலயே போட்டுக்கணும் போல இருக்கு. "பூஜ்யம் போடாதே தம்பி. அறவே நின்னா உடனே கம்ப்ளெய்ன் வரும். ரெண்டு வை. ஓடும், ஆனா இழுக்கும். மழைன்னு நினைச்சுக்குவாங்க, கேபிள்னு நினைச்சுக்குவாங்க. ஒருத்தருக்கும் சந்தேகம் வராது"ன்னேன். பெரிய கெட்டிக்காரி மாதிரி சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

மடியில கிடந்த தாளை மடிச்சு வச்சேன். "பார்க்கலாம்மா"ன்னு அவளை அனுப்பிட்டேன். அன்னைக்குப் பூரா, மறுநாள் பூரா வீட்டுக்குள்ளயே நடந்தேன். சொன்னா ஒரு குடும்பம் உடையும். சொல்லலேன்னா அந்தப் பிள்ள தனக்கு மூளை மழுங்கிப் போச்சுன்னு நம்பிக்கிட்டே அந்த ரூம்ல கிடக்கும். எனக்கு அது ரெண்டாவதுதான் தாங்கல. வெள்ளிக்கிழமை காலையில அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன், ரெண்டு வைன்னு சொன்னது வரைக்கும்.

அவ என்னைத் திட்டல. "இருக்காதுக்கா"ன்னா. அப்புறம், "மச்சான் ஜும்ஆவுக்குப் போற நேரம் பார்க்கலாமா?"ன்னா.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கெல்லாம் கடை ஷட்டரை இறக்கிட்டு எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிடுவாங்க. பின் படிக்கட்டு வழியா இறங்குனோம். கடைக்குள்ள இருட்டு, புதுத் துணி வாசம், மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டுன கொடிங்க தொங்குது. மெஹ்ரின் கல்லா வரைக்கும் வந்து நின்னுட்டா. கால் எடுத்து வைக்க மாட்டேங்குறா. நான் அவ முதுகுல கை வச்சேன். அவ உள்ள போயி குனிஞ்சா.

"பூட்டியிருக்கும்னு நினைச்சேன்"னா. அந்த அலமாரிக்குப் பூட்டே இல்ல.

ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தா அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல பாஸ்வேர்டு. நூத்துக்குத் தொண்ணூறு பேரு அதை மாத்த மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். மாத்தல. அவ போன்லயே தொறந்தா. வேகக் கட்டுப்பாடுன்னு இருக்கிற பக்கத்துல ஒரே ஒரு வரி. ஏறுறதுக்கு ரெண்டு, இறங்குறதுக்கு ரெண்டு. ஷபீர் டேப்லட்டுக்கு ஒரு கட்டும் இல்ல. அந்த வரிக்கு ஒரு பேரு வைக்கணும், இல்லேன்னா சேவ் ஆகாது. ஆங்கில எழுத்துல 'மெஹ்ரின்'னு தட்டியிருந்தான்.

அவ தரையிலயே உக்காந்துட்டா. மேல வாம்மான்னேன். வரல. நஜ்முதீன் வர்ற வரைக்கும் கல்லாவுக்குப் பின்னால அப்படியே உக்காந்திருந்தா. அவன் ஷட்டரைத் தூக்கிட்டு உள்ள வந்தான். தலையில தொப்பி, கையில எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை பிரியாணி. பொண்டாட்டி உக்காந்திருக்கிற இடத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிஞ்சு போச்சு. முதல்ல என்னைத்தான் பார்த்தான்.

"நீங்க சொன்னீங்களாக்கா?"

"நான்தான் சொன்னேன். உனக்குக் கத்துக் கொடுத்ததும் நான்தான். நம்ம ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல?"ன்னு கத்திட்டேன்.

அவன் பிரியாணிப் பையைக் கீழ வைக்கல. மெஹ்ரினைப் பார்த்து, "நிறுத்தலியே புள்ள. குறைச்சுத்தானே வச்சேன்"னான்.

"எதுக்கு?"

"லிஸ்பன்னு சொன்னே. முதல்ல ரெண்டு வாரம்னுவாங்க. அப்புறம் ஒரு மாசம்னுவாங்க. நீ அங்க உன்னை மாதிரி ஆளுங்களைப் பார்ப்பே. திரும்பி வந்து இந்தக் கடையைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியும்? என்னைப் பார்த்தா எப்படித் தெரியும்? ராத்திரியெல்லாம் பயமா இருந்துச்சு. போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா நான் கெட்டவன் ஆயிடுவேன்."

அவன் கண்ணுல தண்ணி. சத்தியமா சொல்றேன், நடிப்பு இல்ல. எனக்கே ஒரு நிமிசம் பாவமா இருந்துச்சு. மெஹ்ரின்தான் அசையல.

"மார்ச்ல நோன்போட நான் மேல புதுக் கேபிள் இழுத்தேன்"னு மெதுவா ஆரம்பிச்சா. "ரெண்டு மணி நேரம் ஏணியில நின்னேன். கீழ நீங்க ஏணியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க. பார்த்து, பார்த்து, விழுந்துடாதேன்னீங்க. கேபிள்ல ஒண்ணும் இல்லேன்னு உங்களுக்குத் தெரியும் மச்சான். தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு மணி நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க."

அவன் பிரியாணிப் பையைக் கல்லா மேல வச்சான். போனை வாங்கி, அவனே அந்த வரியை அழிச்சான்.

அன்னைக்கு ஆகஸ்ட் இருபத்திரெண்டு. கட்டை அவுத்துட்டா உடனே நம்பர் ஏறிடாது. பழைய மெதுவான நாளெல்லாம் கணக்குலேர்ந்து கழிஞ்சு போகணும், அளக்கிற மெஷின் ஒவ்வொண்ணும் திரும்ப வரணும். ஒரு வாரத்துல ஏறுனாலும் முப்பது நாளுக்கு எங்க போறது? அவ குழுவுக்கு எழுதுனா, தவணை கொடுங்கன்னு. அவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. எட்டு மாசம் மெதுவா இருந்ததுக்குக் காரணம் என்னா?

அவ எழுதுன பதிலை எனக்குப் படிச்சுக் காட்டுனா. 'வீட்டு ரவுட்டரில் ஒரு வேகக் கட்டுப்பாடு இருந்ததை நான் கவனிக்கவில்லை. இப்போது நீக்கிவிட்டேன்.'

எனக்கு ஆத்திரம் தாங்கல. "நீ கவனிக்கலியா? ஏன்டி பொய் எழுதுனே? அவன் கட்டி வச்சான்னு எழுதுறதுக்கு என்னா கேடு?"

"எப்படிக்கா எழுதுறது? அவங்க யாரும் என்னை நேர்ல பார்த்ததில்ல. முதல் முதல்ல என்னைப் பத்தித் தெரிஞ்சுக்கப் போறது, புருஷன் கட்டிப் போட்ட பொம்பளைன்னா? அப்புறம் என் மூஞ்சில அதைத்தான் பார்ப்பாங்க"ன்னா.

செப்டம்பர் மூணாந்தேதி பதில் வந்துச்சு. ரொம்ப மரியாதையா எழுதியிருந்தாங்க. உங்க ரிலே இப்ப நல்லா ஏறுது, சந்தோசம். ஆனா சொந்த வீட்டு ரவுட்டர்ல இருந்த ஒரு கட்டுப்பாட்டை எட்டு மாசமாக் கவனிக்காத ஒருத்தர் கையில, மத்தவங்களை அளக்கிற மெஷினைக் கொடுக்கத் தயக்கமா இருக்கு. அடுத்த வருசம் மறுபடி மனு போடுங்க. அந்த வேலை ஜகார்த்தாவுல ஒரு பொண்ணுக்குப் போச்சு.

புருஷன் கட்டுனதை மறைக்கப் போயி, தான் முட்டாள்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா. அது நஜ்முதீனுக்கும் தெரியும். அவன் இப்ப ரொம்ப நல்லவனா இருக்கான். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கல. கடைக்கு வர்றவங்க கிட்ட, "மேல என் வைஃப் பெரிய வேலை பார்க்கிறா, உலகமே எங்க வீட்டு வழியாத்தான் போகுது"ன்னு பெருமை பேசுறான். ரிலே எண்பத்தஞ்சுக்கு ஏறிடுச்சு. அடுத்த வருசம் நிச்சயம் நீ போறேன்னு அவனே சொல்றானாம், லிஸ்பன்ல குளிருமேன்னு கடையிலேர்ந்து ஒரு கம்பளிச் சால்வையும் எடுத்து வச்சிருக்கானாம்.

அந்தப் பதில் வந்ததுக்கு அப்புறம் மெஹ்ரின் என் கூட மூணு வாரம் பேசல. எனக்கு அது வேணும், வாங்கிக்கிட்டேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பின் கதவைத் தட்டுனா. "அக்கா, கொஞ்சம் படிக்கட்டுல நிக்கிறீங்களா?"ன்னா. எதுக்குன்னு கேக்காம போய் நின்னேன். அவ கடைக்குள்ள இறங்கிப் போனா. அலமாரிக் கதவு கிறீச்சுனு தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல மேல வந்து உள்ள போயிட்டா.

அடுத்த வெள்ளியும் தட்டுனா. அதுக்கடுத்த வெள்ளியும். இப்ப டிசம்பர் வந்துடுச்சு, ஒரு வாரம் தவறல. ரிலே நம்பர் மேலயே தெரியுதே, எண்பத்தஞ்சுன்னு, அப்புறம் எதுக்கு இறங்கிப் போயி பார்க்கணும்? ரொம்ப நாள் அடக்கி வச்சிருந்து, போன வாரம் அவ படியேறி வரும்போது கேட்டுட்டேன்.

"ஏம்மா, ரவுட்டர்ல ஏதாச்சும் கட்டு இருக்கா?"

அவ முந்தானையால கைத்தூசியைத் துடைச்சுக்கிட்டா.

"இல்லக்கா. இன்னும் போடல."